ஊர் இரண்டுபட்டபோது லூதர் பிழைத்தார்

ஐரோப்பிய வரலாற்றைப் புதிதாகப் படிக்க உட்காருபவர்களை முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். எத்தனை ஹென்றிகள், எத்தனை சார்லஸ்கள், எத்தனை லூயிகள்! எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான். எல்லோரும் எல்லோரோடும் சண்டை. வம்சாவளியை மனப்பாடம் செய்து இதற்குள் நுழைய முடியாது. ஒரே ஒரு பகையைப் பிடித்துக்கொண்டு, அது எதனால் மூண்டது, கடைசியில் யாருக்கு லாபமாக முடிந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றவை ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

அதற்கு மிகப் பொருத்தமானது, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கும் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கும் 1519 முதல் 1547 வரை நீடித்த பகை. இருவரில் யார் ஜெயித்தார் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடையாது. வட இத்தாலியின் மிலன் சார்லஸ் பக்கம் போனது, பிரான்சின் கிழக்கே உள்ள பர்கண்டி பிரான்சிடமே தங்கிவிட்டது, இரண்டு கஜானாவும் காலியாயின. ஆனால் இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் என்ற துறவி கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராகத் தொடங்கிய கலகத்தை அடக்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். லூதர் கூத்தாடி அல்ல, இந்தச் சண்டையை மூட்டிவிட்டவரும் அல்ல. பலன் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

வரைபடமே பகை

இந்த இருவரும் குணத்தில் எதிரும் புதிருமானவர்கள். பிரான்சிஸ் 1494இல் பிறந்தவர். நல்ல உயரம், நீண்ட மூக்கு, வேட்டை, விருந்து, பெண்கள், மாளிகைகள் என்று வாழ்ந்தவர். வயதான லியோனார்டோ டாவின்சியை இத்தாலியிலிருந்து வரவழைத்து, தன் ஆம்புவாஸ் அரண்மனைக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்து வைத்துக்கொண்டவர். சார்லஸ் ஆறு வயது இளையவர். கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்ததால் வாயைச் சரியாக மூட முடியாது. பேச்சு மெதுவாக வரும். பக்தி அதிகம், சாப்பாட்டில் மட்டும் கட்டுப்பாடு கிடையாது. வரலாற்று நூல்களில் இந்தக் குணச்சித்திரங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுப்பார்கள். சுவாரசியம்தான். ஆனால் இருவரும் பரம சாதுக்களாக இருந்திருந்தாலும் சண்டை வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். காரணம், வரைபடம்.

சார்லஸுக்கு நாடுகள் வாரிசு வழியில் வந்து குவிந்தன. அப்பா இறந்ததும் 1506இல் நெதர்லாந்துப் பகுதிகள். அம்மாவைப் பெற்ற தாத்தா இறந்ததும் 1516இல் ஸ்பெயின், அதோடு நேப்பிள்ஸ், சிசிலி, அமெரிக்காவில் பிடித்த நிலங்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா மாக்சிமிலியன் 1519 ஜனவரியில் இறந்ததும் ஆஸ்திரியா. பாரிஸில் உட்கார்ந்து இதைப் பாருங்கள்: தெற்கே ஸ்பெயின், வடக்கே நெதர்லாந்து, கிழக்கே ஜெர்மனி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஆள். பிரான்சிஸுக்கு மூச்சு முட்டியதில் ஆச்சரியமில்லை.

சார்லஸ் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. அவருடைய நிலங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஸ்பெயினிலிருந்து படையும் பணமும் ஜெர்மனிக்குப் போக வேண்டுமானால் கப்பலில் ஜெனோவா வந்து, மிலன் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட வேண்டும். அந்த மிலனை 1515இலேயே மரிஞ்ஞானோ போரில் ஜெயித்துக் கையில் வைத்திருந்தவர் பிரான்சிஸ். போதாதற்கு பர்கண்டி விவகாரம் வேறு. சார்லஸின் கொள்ளுத்தாத்தா 1477இல் போரில் செத்ததும், பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயி பர்கண்டியை எடுத்துக்கொண்டார். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத்தான் சார்லஸுக்கு வைத்திருந்தார்கள்.

ஏழு ஓட்டு

புனித ரோமப் பேரரசு என்பது ஏறக்குறைய இன்றைய ஜெர்மனியும் சுற்றியுள்ள நாடுகளும் சேர்ந்த ஒரு தளர்ந்த கூட்டு. நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள், சுயாட்சி நகரங்கள். பேரரசர் பதவி தானாக மகனுக்குப் போகாது. 1356இல் எழுதிவைத்த விதிப்படி ஏழு பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்: மைன்ஸ், கொலோன், டிரியர் ஆகிய மூன்று பேராயர்கள், பொஹீமிய மன்னர், பாலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆகிய நான்கு ஆட்சியாளர்கள்.

மாக்சிமிலியன் இறந்ததும் பிரான்சிஸும் போட்டியில் இறங்கினார். ஏழே ஓட்டு என்றால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு பக்கமும் பணத்தை வாரி இறைத்தன. சார்லஸ் தரப்பு செலவழித்தது சுமார் 8,50,000 ஃபுளோரின் பொற்காசுகள். அதில் பாதிக்கு மேல் ஆக்ஸ்பர்க் நகரத்து வட்டிக்கடைக்காரரான யாக்கோப் ஃபுக்கர் கொடுத்த கடன். 1519 ஜூன் 28 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் ஏழு பேரும் சார்லஸைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வருடம் கழித்தும் பாக்கி வராததால் ஃபுக்கர் பேரரசருக்கே ஒரு கடிதம் எழுதினார்: என் உதவி இல்லாமல் இந்தக் கிரீடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே அசலையும் வட்டியையும் தாமதமின்றிக் கொடுக்க உத்தரவிடுங்கள் என்று. பேரரசரிடம் இப்படிப் பேச ஒரு வட்டிக்காரரால் முடிந்தது.

லூதர் இந்தத் தேர்தலுக்குள் வருவது சாக்சனியின் ஓட்டு வழியாக. அந்த ஓட்டுக்குச் சொந்தக்காரர் பிரெடரிக். லூதர் பாடம் நடத்திய விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர்தான். 1517 அக்டோபர் 31 அன்று லூதர், பணம் கொடுத்துப் பாவத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பாவமன்னிப்புச் சீட்டுகளைக் கேள்வி கேட்டு 95 வாசகங்களை வெளியிட்டிருந்தார். 1518 அக்டோபரில் போப்பின் பிரதிநிதி ஆக்ஸ்பர்க்கில் கூப்பிட்டு, சொன்னதை வாபஸ் வாங்கச் சொன்னபோது மறுத்தார். வழக்கமான நாட்களில் அடுத்த ஆண்டே கைதாகி ரோமுக்குப் போயிருப்பார். ஆனால் போப் பத்தாம் லியோவுக்கு அப்போது வேறு கவலை. நேப்பிள்ஸை வைத்திருப்பவரே பேரரசராகவும் ஆகிவிட்டால் ரோம் நடுவில் மாட்டிக்கொள்ளும். சார்லஸைத் தடுக்க பிரெடரிக்கின் தயவு வேண்டும். ஆகவே மிரட்டல் போய் மரியாதை வந்தது: போப் தன் அன்புக்குரிய அரசர்களுக்கு அனுப்பும் தங்க ரோஜா பிரெடரிக்குக்கு அனுப்பப்பட்டது. லூதர் மீதான நடவடிக்கை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் லூதரின் சிறு நூல்கள் அச்சுக்கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளியேறி ஜெர்மனி முழுக்கப் பரவிவிட்டன.

தேர்தலுக்காக சார்லஸ் கையெழுத்திட்ட வாக்குறுதிகளில் ஒன்று, எந்த ஜெர்மானியரையும் விசாரிக்காமல் தண்டிக்க மாட்டேன் என்பது. போப் 1521 ஜனவரியில் லூதரைத் திருச்சபையிலிருந்து விலக்கிய பிறகும், பேரரசர் அவரை வரவழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

வோர்ம்ஸில் இரண்டு நாள்

1521 ஏப்ரல் 17. வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசின் மன்றம் கூடியிருந்தது. சார்லஸுக்கு வயது 21, லூதருக்கு 37. ஒரு மேசையில் லூதரின் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கேள்வி இரண்டே: இவை நீங்கள் எழுதியவையா? இவற்றில் உள்ளதை வாபஸ் வாங்குகிறீர்களா? முதல் கேள்விக்கு ஆம் என்றார். இரண்டாவதற்கு ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் மாலை வந்து, வேதத்தாலோ தெளிவான தர்க்கத்தாலோ நான் தவறு என்று காட்டாதவரை வாபஸ் வாங்க முடியாது, என் மனசாட்சி கடவுளின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லிவிட்டார். ‘இதோ நிற்கிறேன்’ என்று அவர் முழங்கியதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அங்கே எழுதப்பட்ட குறிப்புகளில் இல்லை. அச்சுப் பிரதியில் வந்து சேர்ந்தது.

அதற்கடுத்த நாள் சார்லஸ் தன் பதிலைப் பிரெஞ்சில் எழுதி வாசிக்கச் செய்தார். ஆயிரம் ஆண்டுக் கிறிஸ்தவத்துக்கு எதிராக ஒரே ஒரு துறவி நின்றால் தவறு அந்தத் துறவியுடையதுதான். இதை ஒடுக்க என் நாடுகளையும் உடலையும் உயிரையும் பணயம் வைப்பேன். இளைஞர் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. பாதுகாப்பு உறுதி கொடுத்து வரவழைத்திருந்ததால் லூதரைப் பத்திரமாகத் திரும்பிப் போகவிட்டார். மே மாதத்தில் அவரைச் சட்ட விரோதியாக அறிவித்து ஆணை போட்டார்.

ஆணை போட்டவர் அதை நிறைவேற்ற அங்கே இருக்கவில்லை. அதே வசந்த காலத்தில் பிரான்சிஸின் தூண்டுதலில் லக்சம்பர்க் எல்லையிலும், ஸ்பெயின் எல்லையிலிருந்த நவார் என்ற சிறு நாட்டிலும் தாக்குதல் தொடங்கிவிட்டது. சார்லஸ் நெதர்லாந்துக்குப் போனார், அங்கிருந்து ஸ்பெயின். மறுபடி ஜெர்மன் மண்ணை மிதித்தது 1530இல். கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள்! இந்த வரலாற்றில் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் லூதர், பிரெடரிக்கின் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வெளிவந்தது. ஊர் ஊராகத் துறவிகள் மடத்தைவிட்டு வெளியேறினார்கள். லூதரே 1525இல் ஒரு முன்னாள் கன்னியாஸ்திரீயை மணந்துகொண்டார்.

ஜெயித்தும் பலனில்லை

1525 பிப்ரவரி 24, சார்லஸின் 25ஆவது பிறந்தநாள். மிலனுக்குத் தெற்கே பாவியா நகரத்துக்கு வெளியே, மதில் கட்டிய ஒரு வேட்டைப் பூங்காவில் விடியும் முன்பே போர் மூண்டது. பிரெஞ்சு பீரங்கிகள் நன்றாகவே சுட்டுக்கொண்டிருந்தன. ஆர்வம் தாங்காமல் பிரான்சிஸ் தன் குதிரைப்படையோடு பாய்ந்து, தன் பீரங்கிகளுக்கு முன்னாலேயே போய் நின்றார். மன்னரைச் சுட்டுவிடக் கூடாதே என்று பீரங்கிகள் ஓய்ந்தன. எதிர்ப்பக்கத் துப்பாக்கி வீரர்கள் பிரெஞ்சுப் பிரபுக்களை ஒவ்வொருவராக வீழ்த்தினார்கள். பிரான்சிஸின் குதிரை விழுந்தது, அவர் உயிரோடு பிடிபட்டார். மானமும் உயிரும் தவிர எதுவும் மிஞ்சவில்லை என்று அம்மா லூயிஸுக்குக் கடிதம் எழுதினார்.

எதிரி மன்னரே கையில். இதற்கு மேல் என்ன வெற்றி வேண்டும்? ஆனால் சார்லஸிடம் சொந்தப் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. 1526 ஜனவரியில் மாட்ரிட்டில் ஒப்பந்தம் போட்டார்கள்: பர்கண்டியைத் திருப்பித் தர வேண்டும், இத்தாலியை மறந்துவிட வேண்டும், சார்லஸின் அக்கா எலியனோரை பிரான்சிஸ் மணக்க வேண்டும், உத்தரவாதமாக இரண்டு மகன்களைப் பிணையாகத் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே, இது வற்புறுத்தலில் போடுவது, செல்லாது என்று ரகசியமாக எழுதிவைத்துவிட்டுத்தான் பிரான்சிஸ் போட்டார்.

மார்ச் 17 அன்று இரு நாட்டு எல்லையான பிடசோவா ஆற்றின் நடுவில் ஒரு மிதவையைக் கட்டி நிறுத்தினார்கள். ஒரு கரையிலிருந்து அப்பாவை ஏற்றிய படகு, மறு கரையிலிருந்து எட்டு வயதும் ஏழு நிறையாத வயதுமான இரண்டு பையன்களை ஏற்றிய படகு. இரண்டிலும் எண்ணிச் சரிபார்த்த சம அளவு ஆட்கள். மிதவையில் ஆள் மாற்றிக்கொண்டு பிரிந்தார்கள். பிரான்சிஸ் கரையேறிச் சுமார் இரண்டு மாதத்தில் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, போப் ஏழாம் கிளமென்ட், வெனிஸ் முதலானோரோடு சார்லஸுக்கு எதிராகக் கூட்டணி அமைத்தார். பையன்கள் ஸ்பெயின் கோட்டைகளில் நான்கு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களில் சிறியவன்தான் பின்னால் இரண்டாம் ஹென்றியாகி, ஆயுள் முழுக்க சார்லஸை வெறுத்தான். சார்லஸும் பிரான்சிஸும் நேருக்கு நேர் வாள்சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று 1528இல் சவால்கூட விட்டுக்கொண்டார்கள். நடக்கவில்லை.

பாவியா தோல்விக்குப் பிறகு பிரெஞ்சுத் தரப்பு இன்னொரு கதவையும் தட்டியிருந்தது: துருக்கியரின் ஒட்டோமான் பேரரசை ஆண்ட சுல்தான் சுலைமான். 1526 ஆகஸ்ட் 29 அன்று மோஹாச் போரில் சுல்தானின் படை ஹங்கேரியை நொறுக்கியது. சார்லஸின் தங்கை கணவரான ஹங்கேரி மன்னர் அன்றே இறந்தார். அதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால் ஸ்பேயர் நகரத்தில் ஜெர்மன் மன்றம் ஒரு முடிவு எடுத்திருந்தது. துருக்கியர் வருகிறார்கள், பேரரசர் ஊரில் இல்லை, போப்போ எதிரணியில்; இந்த நிலையில் லூதர் பிரச்சினையில் ஒவ்வோர் ஆட்சியாளரும் கடவுளுக்கும் பேரரசருக்கும் பதில் சொல்லக்கூடிய விதத்தில் நடந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் சாக்சனியும் ஹெஸ் என்ற இன்னொரு ஜெர்மன் சிற்றரசும் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு தங்கள் பகுதிகளில் திருச்சபை நிர்வாகத்தையே மாற்றி அமைத்துவிட்டன.

மறு ஆண்டு நடந்தது இன்னும் விபரீதம். சம்பளம் வராத சார்லஸின் படை, 1527 மே 6 அன்று ரோம் நகரத்துக்குள் புகுந்து சூறையாடியது. அந்தக் கூலிப்படையில் லூதர் ஆதரவு ஜெர்மானியர் நிறையப் பேர். போப்பின் சுவிஸ் காவலர் 147 பேர் செத்தார்கள். போப் சான்ட் ஆஞ்செலோ கோட்டைக்குள் ஓடி ஒளிந்து, கைதியானார். இன்றும் வத்திக்கானில் புதிய சுவிஸ் காவலர்கள் உறுதிமொழி எடுப்பது மே 6 அன்றுதான். சார்லஸ் இதற்கு உத்தரவிடவில்லை. ஆனால் போப் இனி அவர் பிடியில்.

அதே நேரத்தில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, மனைவி கேத்தரினுடனான திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி போப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கேத்தரின் யார்? சார்லஸின் அம்மாவுக்குத் தங்கை, அதாவது சித்தி. சித்தியைத் தள்ளிவைக்க அக்கா மகனின் பிடியில் இருப்பவர் எப்படி அனுமதி தருவார்? இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்த ஹென்றி 1534இல் ரோமோடு உறவை முறித்து, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவரானார். மிலனுக்காக ஆரம்பித்த சண்டையில் போப் இழந்தது இங்கிலாந்தை.

1529இல் சண்டையை நிறுத்தியவர்கள் இரண்டு பெண்கள்: பிரான்சிஸின் அம்மா லூயிஸ், சார்லஸின் அத்தை மார்கரெட். மார்கரெட் ஒரு காலத்தில் லூயிஸின் தம்பியை மணந்தவர், ஆகவே இருவரும் நாத்தனார் உறவு. காம்ப்ரே நகரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் தங்கி, நடுவே வழி திறந்துகொண்டு பேசி முடித்தார்கள். பர்கண்டிக்குப் பதில் இருபது லட்சம் பொற்காசு. ஸ்பானியர்கள் நாணயங்களைச் சோதித்ததில் ஆயிரக்கணக்கானவை தரக்குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டன.

எராஸ்மஸுக்கு யாரும் நேரம் தரவில்லை

இந்தச் சண்டையில் தோற்றவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் எராஸ்மஸைச் சொல்வேன். அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிஞர். லூதர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தது இவர் பதிப்பித்த கிரேக்க மூலத்திலிருந்துதான். திருச்சபை திருந்த வேண்டும், ஆனால் உடையக் கூடாது, மெதுவாகப் பேசித் தீர்க்கலாம் என்பது இவர் கட்சி. 1522 முதல் நற்செய்திகளுக்கு எளிய விளக்க உரைகள் எழுதினார். மத்தேயுவை சார்லஸுக்கும், மாற்குவை பிரான்சிஸுக்கும், லூக்காவை எட்டாம் ஹென்றிக்கும், யோவானை சார்லஸின் தம்பி ஃபெர்டினாண்டுக்கும் சமர்ப்பித்தார். நான்கு நற்செய்திகளும் ஒரே புத்தகத்தில் இருப்பதுபோல் நீங்களும் இருங்களேன் என்று சொல்லாமல் சொல்கிற சமர்ப்பணம். யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் லூதரோடும் மோதல். நல்லதைத் தேர்ந்தெடுக்க மனிதனுக்குச் சுதந்திரம் இருக்கிறது என்று 1524இல் எராஸ்மஸ் எழுதினார். இல்லவே இல்லை, மீட்பு முழுக்க முழுக்கக் கடவுளின் அருளால்தான் என்று 1525 கடைசியில் லூதர் காட்டமாகப் பதில் எழுதினார். ஒரு விஷயத்துக்காக மட்டும் எராஸ்மஸைப் பாராட்டினார்: மற்றவர்கள் போப், பாவமன்னிப்புச் சீட்டு என்று சில்லறை விஷயங்களில் சண்டை போட, நீங்கள் ஒருவர்தான் சரியாகக் குரல்வளையைப் பிடித்தீர்கள் என்று.

எராஸ்மஸின் வழிக்குத் திருச்சபையின் ஆயர்கள் கூடிப் பேசும் ஒரு பொதுச்சங்கம் கூட வேண்டும், அதற்கு அமைதி வேண்டும். சங்கத்தை சார்லஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். போப்புகள் பயந்தார்கள், பிரான்சிஸ் முட்டுக்கட்டை போட்டார். ஜெர்மனி சமாதானமாகிவிட்டால் சார்லஸின் பலம் கூடிவிடுமே! டிரென்ட் நகரத்தில் சங்கம் கூடியது 1545 டிசம்பரில். எராஸ்மஸ் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிரான்சிஸின் இரட்டை வேடத்தையும் சொல்லியாக வேண்டும். 1534க்குப் பிறகு தன் நாட்டில் லூதர் கருத்துக்காரர்களை உயிரோடு எரித்தார். அதே ஆள் ஜெர்மனியில் லூதர் பக்கத்து இளவரசர்களின் கூட்டணிக்கு நண்பர். 1543இல் பிரெஞ்சுக் கப்பல்களும் ஒட்டோமான் கடற்படைத் தளபதி பார்பரோசாவின் கப்பல்களும் சேர்ந்து நீஸ் நகரத்தை முற்றுகையிட்டன. அந்தக் குளிர்காலம் முழுக்க துலோன் துறைமுகத்தில் ஒட்டோமான் கடற்படை தங்க, ஊர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்ய உத்தரவாயிற்று. ‘மிகவும் கிறிஸ்தவரான மன்னர்’ என்பது பிரெஞ்சு அரசர்களின் பட்டப்பெயர். ஐரோப்பா வாயில் விரலை வைத்தது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பகை இல்லாவிட்டால் லூதர் காணாமல் போயிருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அச்சு இயந்திரம் இருந்தது, ரோமுக்குப் போகும் பணத்தைப் பற்றி ஜெர்மானியருக்குக் கோபம் இருந்தது, திருச்சபைச் சொத்தின் மீது இளவரசர்களுக்கு ஆசை இருந்தது. ஆனால் நூறு ஆண்டு முன்பு பொஹீமியாவில் ஏறக்குறைய இதே போலப் பேசிய யான் ஹுஸ், பாதுகாப்பு உறுதியோடு வந்தும் 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் எரிக்கப்பட்டார். லூதர் 1546இல் தன் சொந்த ஊரில் நோயில் இறந்தார்.

பிரான்சிஸ் 1547 மார்ச் 31 அன்று இறந்தார். கை ஓய்ந்த சார்லஸ் அடுத்த மாதமே ம்யூல்பர்க்கில் லூதர் பக்கத்து இளவரசர்களைத் தோற்கடித்தார். காலம் கடந்திருந்தது, ஊர்ப்பள்ளியிலிருந்து பூசை வரை எல்லாம் புதிய முறைக்கு மாறி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1552இல் பிரான்சின் இரண்டாம் ஹென்றி, ஸ்பெயினில் அடைபட்டிருந்த அதே பையன், ஜெர்மன் இளவரசர்களுக்குப் பணம் கொடுத்துத் தூண்டிவிட, சார்லஸ் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இரவோடு இரவாக ஓட வேண்டியதாயிற்று. 1555 செப்டம்பரில் ஆக்ஸ்பர்க்கில் உடன்பாடு: ஆட்சியாளர் எந்த மதப்பிரிவோ அதுவே அந்தப் பகுதிக்கும். அந்தப் பேச்சுவார்த்தையில் உட்கார மனமில்லாமல் தம்பி ஃபெர்டினாண்டிடம் விட்டுவிட்டார் சார்லஸ்; அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸில் பதவிகளைத் துறக்கத் தொடங்கினார்.

1559இல் இரண்டு குடும்பங்களும் ஒருவழியாகச் சமாதானம் ஆயின. இரு பக்கமும் கடனில் மூழ்கியிருந்தது ஒரு காரணம். சொந்த நாட்டில் மதக் கலகத்தைக் கவனிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். சமாதானத்தைக் கொண்டாட நடத்திய ஈட்டி விளையாட்டில் முகத்தில் காயம்பட்டு இரண்டாம் ஹென்றி இறந்தார். மூன்றே ஆண்டில், 1562இல், பிரான்சுக்குள்ளேயே கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக்காரருக்கும் உள்நாட்டுப் போர் வெடித்தது.